பாத்துகினுதானே இருந்தே

போன ஐப்பசியில் நடந்தது. வேலூர் தொரப்பாடியில் எங்கள் தெரு பெரிய ரோட்டில் வந்து சேரும் முனை. காலை எட்டரை மணி இருக்கும். ஸ்கூட்டியை நிறுத்தி வலது பக்கம் பார்த்தேன். அரியூர் பக்கமிருந்து ஒரு பெரியவர் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வந்துகொண்டிருந்தார். கொஞ்சம் தூரத்தில்தான். இடது பக்கம் திரும்பினேன். ஸ்ரீபுரம் போகிற பஸ், அதை ஒட்டி ஒரு ஷேர் ஆட்டோ, பின்னாலேயே ஒரு ஸ்கூல் வேன். மூன்றும் போகட்டும் என்று நின்றேன். வேன் தாண்டியது. ரோடு காலி. வண்டியை எடுத்தேன்.

அடுத்த நொடி என் முன் சக்கரத்தில் எதுவோ இடித்தது. பெரியவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து முழங்கை ஊன்றி விழுந்தார். காலடியில் வைத்திருந்த மூட்டையின் வாய் அவிழ்ந்து ரோடெல்லாம் முள்ளுக்கத்திரிக்காய் உருண்டது. இலவம்பாடிக் காய். பச்சைக் காம்பில் முள் நிற்க, ஊதாவும் வெள்ளையுமாகக் கோடு போட்ட காய். இரண்டு பேர் ஓடிவந்து வண்டியைத் தூக்கினார்கள். நான் அவர் கையைப் பிடித்து எழுப்பி ஓரமாக உட்கார வைத்தேன். முழங்கையில் தோல் பெயர்ந்திருந்தது. நல்லவேளை, எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் திட்டவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இன்னாம்மா, என்னப் பாத்துகினுதானே இருந்தே? அப்புறம் ஏம்மா வண்டிய உட்டே?"

கட்டுப் போட்டு, ஊசி போட்டு, மருந்து வாங்கிக் கொடுத்து, காய்க்கும் பணம் கொடுத்து அனுப்பினேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. ஏனென்றால் அவர் சொன்னது உண்மை. நான் அவரைப் பார்த்தேன். தலையில் கட்டியிருந்த துண்டின் நிறம் கூட எனக்குத் தெரியும், காவி. உரச்சாக்கைப் பச்சை நைலான் கயிற்றால் கட்டியிருந்தார். இவ்வளவும் தெரிந்த நான் ஆக்சிலேட்டரைத் திருகிய அந்த நொடியில், அந்த ரோட்டில் அவர் இல்லவே இல்லை. மறந்துவிட்டேன் என்று சொல்வதா, பார்க்கவில்லை என்று சொல்வதா? இரண்டுமே பொருந்தவில்லை.

எனக்குத் தொழில் கண் பார்ப்பது. வேலூரில் ஒரு கண்ணாடிக் கடையில் பதினாறு வருஷமாகப் பவர் பார்க்கிறேன். எழுத்துப் பலகையைக் காட்டி, "இந்த வரிசை படிங்க, இப்போ தெளிவா இருக்கா, இதுவா அதுவா" என்று ஒரு நாளைக்கு நாற்பது பேரையாவது கேட்பேன். என் கண் இரண்டும் 6/6, முழுப் பார்வை. அன்று சாயங்காலமே திரும்பவும் சோதித்துப் பார்த்தேன். கடைசி வரி வரைக்கும் படித்தேன். கண்ணில் கோளாறு இல்லை. அப்படியானால் கோளாறு எங்கே? அங்கிருந்துதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் நாம் எல்லோரும் சின்ன வயதில் செய்து பார்த்த ஒன்று. தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பைக் கொளுத்தி வேகமாகச் சுழற்றினால் இருட்டில் ஒரு வட்டம் தெரியும். பெயர் எழுதினால் பெயர் தெரியும். நெருப்பு ஒரு நேரத்தில் ஒரே புள்ளியில்தான் இருக்கிறது. முந்தின இடத்தில் இருந்த வெளிச்சம் அணைந்த பிறகும் நம் கண்ணும் மூளையும் அதை இன்னும் கொஞ்சம் வைத்திருப்பதால் வட்டம் மூடுகிறது. 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் வேலை செய்த யோஹான் செக்னர் என்ற அறிஞர் சுழலும் சக்கரத்தில் தணல் கட்டி, எவ்வளவு வேகத்தில் சுற்றினால் வட்டம் விட்டுப்போகாமல் தெரிகிறது என்று அளந்தார். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. நம் மத்தாப்பு விளையாட்டேதான், அளவுகோலோடு.

அந்தப் பத்தில் ஒரு பங்குக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்பதை 1960-ல் அமெரிக்காவின் ஜார்ஜ் ஸ்பெர்லிங் காட்டினார். என் எழுத்துப் பலகைக்கு நெருக்கமான சோதனை என்பதால் எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. வரிசைக்கு நாலாக மூன்று வரிசை, மொத்தம் 12 எழுத்து. அதை ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டி மறைத்துவிடுவார். என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் யாராலும் நாலு, நாலரைக்கு மேல் சொல்ல முடியவில்லை. ஆனால் அத்தனை பேரும் ஒரே மாதிரி ஒரு விஷயம் சொன்னார்கள்: "எல்லாத்தையும் பார்த்தேன், சொல்றதுக்குள்ள போயிடுச்சு."

அவர்கள் சொன்னதை ஸ்பெர்லிங் தள்ளிவிடாமல் எடுத்துக்கொண்டார் என்பதுதான் பெரிய விஷயம். அடுத்த தடவை, எழுத்து மறைந்ததும் ஒரு ஓசை எழுப்பினார். உச்ச ஓசை என்றால் மேல் வரிசை, நடு ஓசை என்றால் நடு வரிசை, தாழ்ந்த ஓசை என்றால் கீழ் வரிசை. அதை மட்டும் சொன்னால் போதும். எந்த வரிசையைக் கேட்டாலும் நாலில் மூன்றைச் சொன்னார்கள். எந்த ஓசை வரும் என்று முன்கூட்டியே தெரியாதே! அப்படியென்றால் அந்தக் கணத்தில் மூன்று வரிசையுமே பெரும்பாலும் உள்ளே இருந்திருக்கிறது. ஓசையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதப்படுத்திக்கொண்டே போனார். ஒரு நொடி தாமதமானதும் அந்த லாபம் கரைந்து, பழையபடி நாலு எழுத்துக் கணக்குக்கே வந்துவிட்டது. வாய் நாலு எழுத்தைச் சொல்வதற்குள் மீதி எட்டும் போய்விடுகிறது.

இது வேறு எதுவும் குறுக்கே வராதபோது. ரோட்டில் அப்படியா? நம் கண் ஒரு நொடிக்கு மூன்று நான்கு தடவை தாவுகிறது. கையை நீட்டிக் கட்டை விரலை நிறுத்துங்கள். அந்த நகத்தின் அகலம்தான், கொஞ்சம் கூடக் குறைய, கண் தெளிவாகப் பார்க்கும் இடம். மீதியெல்லாம் மங்கல். அதனால் கண் ஓயாமல் தாவித் தாவித் துண்டு துண்டாகப் பார்க்கிறது. ஒவ்வொரு தாவலிலும் புதுக் காட்சி பழையதன் மேலேயே வந்து விழுகிறது. சிலேட்டில் எழுதியதை அழிக்காமல் அதன் மேலேயே எழுதுவது போல. நான் வலது பக்கத்திலிருந்து இடது பக்கம் திரும்பியபோது எத்தனை தாவல் நடந்திருக்கும்! பஸ், பஸ்ஸின் கண்ணாடி, ஆட்டோ, ஆட்டோவில் தொங்கிய பையன், வேன். பெரியவர் அந்தச் சிலேட்டில் எப்போதோ மூடப்பட்டுவிட்டார்.

இதற்கடுத்து ஒன்றைப் படித்தபோது எங்கள் வீடு ஞாபகம் வந்தது. குடியாத்தத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். அம்மா குழித்தறியில் லுங்கி நெய்தவர். கட்டம் போட்ட லுங்கி. 1974-ல் ஸ்காட்லாந்தில் பிலிப்ஸ் என்ற ஆய்வாளர் செய்த சோதனையும் கட்டம் கட்டமான வடிவத்தை வைத்துத்தான். சதுரத்தைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்து, சிலதில் வெளிச்சம், சிலதில் இருட்டு. அதைக் காட்டி மறைத்து, சற்றுப் பொறுத்து மறுபடியும் காட்டுவார்: அதேதானா, ஒரு கட்டம் மாறியிருக்கிறதா? இடைவெளி பத்தில் ஒரு நொடிக்குள் இருந்தால் எவ்வளவு சிக்கலான வடிவமானாலும் கிட்டத்தட்டத் தவறே இல்லாமல் கண்டுபிடித்தார்கள். மாறிய கட்டம் தானாகத் துடித்துக்கொண்டு தெரியும். ஆனால் இரண்டாவது வடிவத்தை ஒரே ஒரு கட்ட அளவு நகர்த்திக் காட்டினால் போதும், அந்தத் திறமை போயிற்று. நடுவில் வேறொரு காட்சியைக் காட்டினாலும் போயிற்று. இடைவெளி நீண்டால் அதுவும் போயிற்று. அதன் பிறகு இருப்பது வேறொரு நினைவு. அது சில நொடி தாங்கும். கட்டம் குறைவாக இருந்தால் வைத்துக்கொள்ளும், கட்டம் கூடினால் தடுமாறும்.

அந்த முதல் வகை நினைவு இடத்தோடு ஒட்டியது. இருந்த இடத்திலேயே இருந்தால்தான் வேலை செய்யும். இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஏனென்றால் அம்மா தறியில் என்ன செய்வார் தெரியுமா? மாதிரித் துண்டு தறிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். அதைப் பார்த்துப் பார்த்து நெய்ய மாட்டார். ஒரு சாண் நெய்ததும் துண்டை எடுத்து வந்து, நெய்த துணியின் மேல் கரையோடு கரை சேர்த்துப் பரப்புவார். உள்ளங்கையால் சுருக்கம் நீவுவார். துண்டின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்குவார், இறக்குவார். தூக்குவார், இறக்குவார். கட்டத்தின் மேல் கட்டம் உட்கார்ந்தால் சரி. ஒரு இழை தப்பியிருந்தாலும் அந்த இடத்தில் கோடு ஒடிந்து நிற்கும். நான் எட்டாவது படிக்கும்போது ஒரு லீவில் தறியில் உட்கார்ந்து பழகினேன். தொங்குகிற துண்டைக் கண்ணால் பார்த்தே நெய்தேன். அம்மா வந்து ஒரு வார்த்தைதான் சொன்னார்: "கண்ல பாத்து நெய்யாத. மேல வெச்சுப் பாரு."

லுங்கியை மூட்டும்போதும் அதே கவனம்தான். இரண்டு தலைப்பையும் சேர்த்துத் தைக்கிற இடத்தில் கட்டத்தோடு கட்டம் சேர வேண்டும். சேராவிட்டால் கட்டியவருக்குத் தெரியாது, பின்னால் நடந்து வருகிறவருக்குத் தெரியும் என்பார் அம்மா. ஆணிக்கும் தறிக்கும் நடுவில் இரண்டடி தூரம் இருந்திருக்குமா? அந்த இரண்டடியைக் கண் கடக்கும்போது கட்டம் கலைந்துவிடும் என்று எங்கள் தெருவில் தறி இருந்த வீட்டிலெல்லாம் தெரிந்திருந்தது. பெயர்தான் வைக்கவில்லை.

சரி, அந்தச் சில நொடி தாங்குகிற இரண்டாவது நினைவில் எவ்வளவு கொள்ளும்? 1997-ல் ஸ்டீவன் லக், எட்வர்ட் வோகல் என்ற இரண்டு பேர் வெளியிட்ட ஆய்வில் வண்ணச் சதுரங்களைக் காட்டினார்கள். பத்தில் ஒரு நொடி காட்டி, ஒரு நொடிக்குக் கொஞ்சம் குறைவாகத் திரையை வெறுமையாக விட்டு, மறுபடி காட்டினார்கள். மூன்று சதுரம் வரைக்கும் அநேகமாகத் தவறே இல்லை. நாலிலிருந்து சறுக்க ஆரம்பிக்கிறது. எட்டு, பன்னிரண்டு என்று போகப் போகத் தட்டுத் தடுமாற்றம்தான். ஏறக்குறைய மூன்று நான்கு பொருள், அவ்வளவுதான் நம் கையிருப்பு. அன்றைக்கு முனையில் நான் வைத்திருந்தது என்ன? பஸ், ஆட்டோ, வேன், பெரியவர். நாலு.

நான் அதிகம் யோசித்தது, அந்த நினைவு எப்படிப் போகிறது என்பதைப் பற்றித்தான். சாயம் வெளுப்பது போலக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும் என்றுதான் எல்லோரும் நினைப்போம், நானும் நினைத்தேன். 2009-ல் வெய்வெய் ஜாங் என்பவரும் அதே லக்கும் இதை நேராகச் சோதித்தார்கள். நிறத்தைக் காட்டி, 1 நொடி, 4 நொடி, 10 நொடி கழித்து, நிறங்கள் வட்டமாக வரைந்த சக்கரத்தில் எந்த நிறம் என்று தொடச் சொன்னார்கள். மங்கியிருந்தால், நாள்பட்ட சட்டை போல, சரியான நிறத்திலிருந்து தள்ளித் தள்ளித் தொட வேண்டும். அப்படி நடக்கவில்லை. நினைவு இருந்தவரை ஏறத்தாழ அதே துல்லியத்தோடு இருந்தது. 4 நொடிக்கும் 10 நொடிக்கும் நடுவில் சில சமயம் மொத்தமாக இல்லாமல் போனது. இருந்தால் முழுசாக இருக்கும், இல்லையென்றால் துளியும் இருக்காது. எல்லா ஆய்வாளரும் இதை ஒத்துக்கொள்ளவில்லை, மங்கவும் செய்கிறது என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் தொரப்பாடி முனையில் எனக்கு நடந்ததை நினைத்தால், தறியில் பாவு இழை, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், அறுந்துபோவதுதான் ஞாபகம் வருகிறது. அறுவதற்கு முந்தின நொடி வரை இழை விறைப்பாகத்தான் இருக்கும். அறுந்த சத்தமும் கேட்காது. நாலு விரற்கடை நெய்த பிறகுதான் துணியில் ஓட்டை தெரியும்.

நீங்களே பார்க்க வேண்டுமானால் போன் போதும். சாப்பாட்டு மேஜையில் பத்துப் பன்னிரண்டு சாமானைப் பரப்புங்கள். சாவி, ஸ்பூன், சீப்பு, ஊறுகாய் பாட்டில், எது வேண்டுமானாலும். போனை அசைக்காமல் ஏதாவது ஒரு டப்பாவின் மேல் சாய்த்து வைத்து ஒரு படம் எடுங்கள். ஒரே ஒரு சாமானை எடுத்துவிட்டு, போனை நகர்த்தாமல் டைமர் வைத்து அடுத்த படம். இப்போது கேலரியில் இரண்டையும் மாற்றி மாற்றித் தள்ளிப் பார்க்கும்படி வீட்டில் யாரிடமாவது கொடுங்கள். படம் நகர்ந்து போகிற அந்த அசைவே போதும், என்ன மாறியது என்று கண்டுபிடிக்கத் திணறுவார்கள். இரண்டுக்கும் நடுவில், லென்ஸை விரலால் மூடி எடுத்த கறுப்புப் படம் ஒன்றைச் செருகினால் இன்னும் திணறல். என் மகளுக்கு நான் காட்டியது பெரிய ஊறுகாய் பாட்டிலை எடுத்துவிட்ட படம். முப்பது தடவைக்கு மேல் தள்ளினாள். கண்டுபிடித்ததும் போனைக் கீழே வைத்துவிட்டு, "இவ்ளோ பெருசா இருக்கு, எப்படிம்மா தெரியாம போச்சு?" என்றாள். அவள் முகத்தில் இருந்த கலக்கம் எனக்குத் தெரிந்த கலக்கம்.

ரொனால்ட் ரென்சிங்க், கெவின் ஓ'ரீகன், ஜேம்ஸ் கிளார்க் ஆகியோர் 1997-ல் வெளியிட்ட ஆய்வின் எளிய வடிவம்தான் இது. கால் நொடி படம், அதைவிடச் சின்னதாக ஒரு வெறுந்திரை, மாறிய படம், மறுபடி வெறுந்திரை. வெறுந்திரை இல்லாவிட்டால் மாறின இடம் துள்ளிக்கொண்டு தெரிந்துவிடும். துள்ளல்தான் நம்மைக் கூப்பிடுகிறது. திரை அந்தத் துள்ளலை மறைத்துவிட்டால் நினைவை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். அந்த நினைவில் என்ன இருக்கிறது? மூன்று நான்கு சாமான். ரோட்டில் இந்த வெறுந்திரை நாம் தலையைத் திருப்புவதுதான். கண் சிமிட்டுவதும், ஒரு பஸ் குறுக்கே கடப்பதும் அதே வேலையைத்தான் செய்கின்றன.

ஆளே மாறினாலும் தெரியாது. டேனியல் சைமன்ஸ், டேனியல் லெவின் இருவரும் 1998-ல் எழுதிய சோதனை இப்போது பலருக்குத் தெரியும். கார்னெல் பல்கலைக்கழக வளாகத்தில் ஒருவர் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வழி கேட்கிறார். வழி சொல்லிக்கொண்டிருக்கும்போதே இரண்டு பேர் ஒரு கதவைத் தூக்கிக்கொண்டு நடுவில் புகுந்து போகிறார்கள். கதவின் மறைவில் வழி கேட்டவர் போய்விடுகிறார், வேறொருவர் நிற்கிறார். 15 பேரில் 7 பேர்தான் கவனித்தார்கள். மீதி 8 பேர் விட்ட இடத்திலிருந்து வழி சொல்லி முடித்தார்கள். கவனித்தவர்கள் எல்லாம் வழி கேட்டவரின் வயதை ஒட்டிய மாணவர்கள். பிறகு வழி கேட்பவரைக் கட்டட வேலை செய்கிறவர் போல உடுத்தி அனுப்பியபோது அதே மாணவர் கூட்டத்திலும் 12 பேரில் 4 பேருக்குத்தான் தெரிந்தது. யாரோ ஒரு வேலையாள் என்ற அளவோடு கண் நின்றுவிட்டது.

இது என்னைக் குத்தியது. "காய் மூட்டையோடு ஒரு பெரியவர்" என்பதைத் தாண்டி நான் அவரைப் பார்த்தேனா? அதே இடத்தில் ஒரு லாரி வந்திருந்தால் மறந்திருப்பேனா? நிச்சயமாக மறந்திருக்க மாட்டேன். என்னை எதுவும் செய்யாது என்று மனசு கணக்குப் போட்ட ஒன்றைத்தான் கை முதலில் நழுவ விடுகிறது.

ஆனால் காவித் துண்டு எப்படி ஞாபகம் இருந்தது? மொத்தமாகப் போய்விட்டது என்றால் அது திரும்பி வந்திருக்கக் கூடாதே. இதற்கும் ஒரு சோதனை இருக்கிறது, 2002-ல் வெளியானது, சைமன்ஸும் அவரோடு வேலை செய்தவர்களும் செய்தது. கையில் கூடைப்பந்து வைத்திருந்த ஒருவர் வழி கேட்கிறார். நடுவில் ஒரு கூட்டம் கடக்கிறது, பந்து போய்விடுகிறது. ஏதாவது மாறியதா என்று பொதுவாகக் கேட்டபோது பெரும்பாலானவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. "அவர் கையில் பந்து ஏதாவது இருந்ததா" என்று குறிப்பாகக் கேட்டதும் பலருக்கு ஞாபகம் வந்தது. பந்தின் வழக்கமில்லாத நிறத்தைக் கூடச் சிலர் சொன்னார்கள். பழையது எங்கோ கிடந்திருக்கிறது. அதை எடுத்துப் புதியதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். பெரியவர் என்னைக் கூப்பிட்டார். கொஞ்சம் தாமதமாக, ரோட்டில் உட்கார்ந்துகொண்டு.

வேலூர் அண்ணா சாலையில் ஒரு கடையை இடித்துப் புதுக் கடை வந்தால், முன்னாடி அங்கே என்ன இருந்தது என்று இரண்டு நாள் யோசிப்போம். தினமும் தாண்டிப் போன இடம்தான். யாராவது "சைக்கிள் கடைப்பா" என்றால் பலகையில் இருந்த பெயர் வரைக்கும் வந்துவிடும். இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் நடப்பதுதான்.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பயமாக இருப்பது வேறு ஒன்று. இப்படி மாற்றம் ஒன்றைக் காட்டப்போகிறோம், நீங்கள் கண்டுபிடிப்பீர்களா என்று முன்கூட்டியே கேட்டால், கண்டுபிடித்துவிடுவோம் என்றுதான் பெரும்பாலானவர்கள் சொல்கிறார்கள். லெவினும் அவரோடு இருந்தவர்களும் 2000-ல் இதைச் சோதித்து எழுதினார்கள். தெரியவில்லை என்பது தெரிவதில்லை. கண் மங்கினால் ஆள் என் கடைக்கு வந்துவிடுகிறார், "எழுத்து சரியா தெரியலம்மா" என்கிறார். இந்த நினைவு நழுவினால் யார் வருவார்கள், எங்கே வருவார்கள்? வண்டி ஓட்டுவதற்குக் கண் சான்று எழுதுகிறார்கள், பலகையில் எத்தனாவது வரி படித்தார் என்று. அந்த வரியைப் படித்துவிட்டுத் திரும்பிப் பார்த்து வருவதற்குள் அவரிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்று எந்தப் பலகையும் காட்டாது. "சும்மா வந்துகினே இருக்கேன், வண்டி திடீர்னு முன்னால வந்து நிக்குது" என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களை, கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லி எத்தனையோ தடவை திருப்பி அனுப்பியிருக்கிறேன். இப்போது அப்படி அனுப்புவதில்லை. உட்கார வைத்துப் பேசுகிறேன்.

பேசுவதற்கு ஒரு பொருள் கிடைத்தது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கார் ஓட்டுகிறவர்களைப் பாவனை வண்டியில் (சிமுலேட்டரில்) உட்கார வைத்து, சாலை முனைகளில் நிறுத்தி, கண் எங்கெங்கே போகிறது என்று பதிவு செய்தார்கள். 2019-ல் வெளியான ஆய்வு. புறப்படப்போகிற நேரத்தில் நிறுத்தி, எந்தெந்த வண்டி வந்தது என்று கேட்டார்கள். சிலர், தாங்கள் நேருக்கு நேர் பார்த்த வண்டியையே சொல்லாமல் விட்டார்கள். விடப்பட்டதில் கார் குறைவு, பைக் அதிகம். கண் அதன் மேல் பட்டதா என்றால் பட்டிருக்கிறது. அந்த வண்டியைப் பார்த்ததற்கும் புறப்படுவதற்கும் நடுவில் மறுபக்கம் தேடிய தேடல்தான் அதைத் தள்ளிவிட்டிருக்கிறது. படித்தபோது என் கை நடுங்கியது. தொரப்பாடி முனையை யாரோ பக்கத்தில் நின்று பார்த்து எழுதியது போல இருந்தது.

அதற்கு அவர்கள் சொன்ன வழி ரொம்ப எளிமையானது. பைக்கைப் பார்த்தால் "பைக்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கண்ணின் நினைவைக் கண் கலைத்துவிடும், ஏனென்றால் அடுத்து வருவதும் கண் வழியாகத்தான் வருகிறது. சொல் தங்குவது வேறு இடத்தில். வலது பக்கம் பார்த்ததைச் சொல்லாக்கி வைத்துவிட்டால், இடது பக்கம் எவ்வளவு பார்த்தாலும் அது அவ்வளவு சுலபமாக அழியாது.

இதை வாசித்ததும் நான் செய்த முதல் வேலை குடியாத்தத்துக்குப் போன் போட்டதுதான். "அம்மா, தறியில உக்காந்துகினு எப்பவும் எதையோ முணுமுணுத்துகினே இருப்பியே, இன்னா அது?" என்று கேட்டேன்.

"எண்ணுவேன். வேற இன்னா?"

கட்டத்துக்கு ஊடை, அதாவது குறுக்கு நூலின் நிறம் மாற வேண்டும். கறுப்பு நாலு, வெள்ளை ரெண்டு, பச்சை பன்னிரண்டு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கணக்கு. அதற்கேற்றபடி நாடாவை, குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு ஓடும் கட்டையை, மாற்ற வேண்டும். துணியைப் பார்த்து இத்தனை ஓடியிருக்கிறது என்று சொல்ல முடியாது, நெருக்கமாக விழுந்த இழை கண்ணுக்கு ஒன்றுதான். வாயில் எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருக்கும். நாங்கள் நடுவில் "அம்மா" என்று கூப்பிட்டால் கையை மட்டும் தூக்கிக் காட்டுவார். வாசலில் யாராவது வந்துவிட்டால், எழுந்து போகும்போதே "பச்சையில எட்டு, பச்சையில எட்டு" என்று சொல்லிக்கொண்டே போவார். வந்தவரிடம் பேச வேண்டியதைப் பேசிவிட்டு "பச்சையில எட்டு" என்று சொல்லிக்கொண்டே வந்து உட்காருவார். அது பாட்டு மாதிரி எங்கள் காதில் விழுந்துகொண்டிருந்தது. நாங்கள் கவனித்ததே இல்லை.

"கண்ணு வெச்சுக்காதுடி," என்றார் போனில். "வாய்தான் வெச்சுக்கும்."

வீட்டை விட்டுக் கிளம்புகிற யாரையும் "பாத்துப் போ" என்று சொல்லித்தான் அனுப்புகிறோம். என் அப்பா சொன்னார், நானும் என் மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று காலை என் மாமியாரும் எனக்குச் சொல்லித்தான் அனுப்பினார். நானும் பார்த்துத்தான் போனேன். இப்போது மகள் சைக்கிளை எடுக்கும்போது "சொல்லிகினே போ" என்கிறேன். முதலில் வெட்கப்பட்டாள். முனையில் நின்று "ஆட்டோ, லாரி" என்று வாய்விட்டுச் சொன்னால் கூட வருகிற பிள்ளைகள் பார்ப்பார்கள் என்றாள். உதட்டுக்குள் சொல் போதும் என்றேன். சொல்கிறாள், சில நாள் சத்தமாகவே.

பெரியவரை அதற்கப்புறம் பல தடவை பார்த்தேன். வாரத்தில் மூன்று நாளாவது அதே நேரத்துக்கு அந்த வழியாகத்தான் மார்க்கெட்டுக்குப் போகிறார். முழங்கையில் தழும்பு இருக்கிறது. ஒரு நாள் நிறுத்தி இரண்டு கிலோ காய் வாங்கினேன். பணம் வாங்க மாட்டேன் என்றார், கையில் திணித்துவிட்டு வந்தேன். எண்ணெய்க் கத்திரிக்காய் வைத்தால் அந்தக் காயின் ருசியே தனி.

போன மாசம் அம்மா வந்திருந்தார். கண்புரை ஆபரேஷன் முடிந்து இரண்டு வருஷம், தறியை விட்டு அதற்கு மேல் ஆகிறது. ஒரு காலையில் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினேன். முனையில் நிறுத்தினேன். வலது பக்கம் பார்த்தேன். "எக்ஸ்எல், பெரியவர்." இடது பக்கம் திரும்பினேன். "பஸ்."

"இன்னாடி முணுமுணுக்கற?"

"எண்றேம்மா."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பஸ் போனது. பின்னாலிருந்து என் தோளைப் பிடித்திருந்த கை லேசாக அழுந்தியது.

"பெரியவர் இன்னும் போவல," என்றார் அம்மா. "பச்சக் கயிறு கட்டினவரு. அவரு போவட்டும்."

நின்றோம்.